கையிலே மூன்று பட்டை

உங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகிற பெண் இருக்கிறாளா? மற்ற நாட்களில் ஏழு மணிக்கு எழுப்பினாலும் புரண்டு படுப்பவள், பரேடு நாளன்று மட்டும் கோழி கூவுமுன் எழுந்து, காக்கி உடுப்பைத் தேய்த்து, பூட்ஸுக்குப் பாலிஷ் போடுகிறாளா? அப்படியானால் இந்த வாரம் உங்களோடுதான் பேச்சு.

அண்மையில் காரைக்குடிப் பக்கம், வலையபட்டியில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த வீட்டுப் பெண் காரைக்குடியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். தேசிய மாணவர் படை என்கிற என்.சி.சி.யில் இருக்கிறாள். கையில் லான்ஸ் கார்ப்பொரலுக்கு உரிய ஒற்றைப் பட்டை. பத்து நாள் முகாமுக்குப் போக, தகப்பனார் கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் முகப்பில் கிடந்தது. அப்பச்சி பேனாவைத் திறந்துவிட்டார். அப்பத்தா விடவில்லை.

"நெத்தியிலே மூணு பட்டை போடுறதுக்கு நேரமில்லை, கையிலே பட்டை கேக்குதாக்கும்!"

"நெத்தியிலேயும் மூணு போட்டுக்கிறேன் அப்பத்தா. கையிலேயும் மூணு வரணும்னா இந்த முகாமுக்குப் போகணும்ல!"

பெண் சொன்னது விளையாட்டுப் பேச்சல்ல. நியாயம் அவள் பக்கம் இருந்தது. அங்கே என் பங்குக்கு நான் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

நாடு சுதந்திரம் அடைந்த மறு வருஷம், 1948-இல், பார்லிமெண்டில் சட்டம் இயற்றி ஏற்படுத்திய ஸ்தாபனம் இது. அடுத்த வருஷமே, 1949-இல், பெண்கள் பிரிவும் வந்துவிட்டது. ஏதோ நேற்று முளைத்த நாகரிகம் என்று எண்ணிவிட வேண்டாம். அந்த நாளில் சேர்ந்த பெண்கள் இன்று கொள்ளுப்பாட்டிகள்!

சரி, இந்தப் பட்டை என்னதான் செய்கிறது? சேரும்போது எல்லாரும் வெறும் கேடட். பிறகு லான்ஸ் கார்ப்பொரல், ஒரு பட்டை. கார்ப்பொரல், இரண்டு. சார்ஜெண்ட், மூன்று. வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு இது பரிசுக் கோப்பை மாதிரித் தோன்றுகிறது. உள்ளே இருப்பவளுக்கு ஒவ்வொரு பட்டையும் ஒரு சுமை. நேற்று வரை தன் பூட்ஸ் பளபளத்தால் போதும். பட்டை ஏறிய மறுநாள் முதல் தன் பிரிவில் உள்ள அத்தனை பேருடைய பூட்ஸுக்கும் அவள் ஜவாப்தாரி. எவளோ ஒருத்தி தாமதமாக வந்தால் திட்டு இவளுக்கு. எவளாவது வெயிலில் மயங்கி விழுந்தால் தண்ணீரோடு முதலில் ஓட வேண்டியவளும் இவளே.

சார்ஜெண்டுக்கு மேலே கம்பெனி குவார்ட்டர் மாஸ்டர் சார்ஜெண்ட் என்று ஒரு பதவி. பெயர்தான் ரெயில் வண்டி மாதிரி நீளம். வேலை நமக்கு நன்றாகத் தெரிந்ததுதான். சாமான் கணக்கு! உடுப்பு எத்தனை, கம்பளி எத்தனை, கொடுத்தது எத்தனை, திரும்பி வந்தது எத்தனை என்று பார்க்கும் பொறுப்பு. கலியாண வீட்டில் இடுப்பில் சாவிக்கொத்துடன் பாத்திரங்களை எண்ணி வாங்கி எண்ணிக் கொடுக்கிற ஆச்சிமார் யாரையும் இந்த உத்தியோகத்தில் உட்கார வைக்கலாம். பட்டாளத்தார் ஒருவேளை நம்மைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்களோ என்னவோ! அதற்கும் மேலே கம்பெனி சார்ஜெண்ட் மேஜர். ஒழுங்கு கட்டுப்பாடெல்லாம் அவள் குரலில் இருக்கிறது. கடைசியில் ஜூனியர் அண்டர் ஆபீசர், சீனியர் அண்டர் ஆபீசர். இந்த உச்சிக்கு வருகிறவர்கள் வெகு சிலர்.

இந்தப் படிகளோடு கூடவே பரீட்சைகளும் உண்டு. பள்ளிக்கூடத்தில் 'ஏ' சர்டிபிகேட். கல்லூரியில் இரண்டு வருஷப் பயிற்சிக்குப் பின் 'பி'. மூன்றாம் வருஷம் 'சி'. நூற்றுக்கு 75 பங்கு வருகை இருக்க வேண்டும். அத்துடன் 'பி' எழுத ஒரு முகாம் போயிருக்க வேண்டும். 'சி'க்கு இன்னும் ஒன்று. சிக்கல் இங்கேதான். சேரும்போது பெற்றோர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டு விடுகிறார்கள். உடுப்பில் மகளைப் போட்டோ எடுத்து உறவினருக்கெல்லாம் அனுப்புகிறார்கள். முகாம் என்றதும் "வெளியூரில் பத்து நாளா?" என்று கையை இழுத்துக்கொள்கிறார்கள். இரண்டு வருஷம் வெயிலில் நின்றதெல்லாம் அந்த ஒரு கையெழுத்தில்லாமல் வீணாகிறது. இவளைவிட மட்டமாக நடை போட்டவள் மேலே போய்விடுகிறாள். ஆண்பிள்ளைகளுக்கு இந்த இடைஞ்சல் அநேகமாகக் கிடையாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தப் பத்து நாளில் என்ன நடக்கிறது என்று கேட்பீர்கள். விடியற்காலையில் விசில். தேகப்பயிற்சி, அணிநடை. பிறகு குப்புறப் படுத்து .22 ரைபிளால் குறி பார்த்துச் சுடுவது. மூச்சைக் கட்டி, பதறாமல் விரலை அழுத்த வேண்டும். முதல் குண்டு எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. தூரத்தைக் கண்ணாலேயே மதிப்பிடுவது, முதலுதவி, வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு வழி கண்டுபிடிப்பது எல்லாம் உண்டு. திசைகாட்டி இல்லாவிட்டால்? கைக்கடிகாரத்தையும் சூரியனையும் வைத்து வடக்கைக் கண்டுபிடிக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள். இரவானால் துருவ நட்சத்திரம். நம் கலியாணங்களில் சாஸ்திரிகள் பட்டப்பகலில் பந்தலுக்கு வெளியே நிறுத்தி, "அதோ துருவன், அதோ அருந்ததி" என்று காட்டுவார். நாமும் வெறும் ஆகாயத்தைப் பார்த்துத் தலையாட்டுவோம். இந்தப் பெண்கள் அந்த நட்சத்திரத்தை நிஜமாகவே பார்த்து, அதை வைத்து வழியும் கண்டுபிடிக்கிறார்கள்.

"எல்லாம் சரி, நம் பக்கத்துப் பெண்ணுக்கு இதெல்லாம் ஒத்து வருமா?" என்றார் அப்பத்தா. சிவகங்கைச் சீமையில் இருந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது! 1772-இல் காளையார்கோவிலில் கணவரைப் பறிகொடுத்த வேலு நாச்சியார், விருப்பாட்சியில் மறைந்திருந்து படை திரட்டி, 1780-இல் சீமையை மீட்டவர். அவர் ராணி, நம் கதை வேறு என்பீர்கள். ஆகவே ராணியல்லாத ஒரு பெண்ணைச் சொல்கிறேன்.

கோலாலம்பூரில் வசதியான தமிழ்க் குடும்பத்தில் 1925-இல் பிறந்தவர் ஜானகி தேவர். 1943-இல் நேதாஜியின் பேச்சைக் கேட்டு, போட்டிருந்த நகைகளைக் கழற்றிக் கொடுத்தார். ஜான்சி ராணிப் படையில் சேர மனுவும் வாங்கி வந்துவிட்டார். அதில் தகப்பனார் கையெழுத்து வேண்டும்! வீட்டில் பெரும் எதிர்ப்பு. கடைசியில் படைத் தலைவி காப்டன் லக்ஷ்மியையே வீட்டுக்குத் தேநீருக்கு வரவழைத்தார். அவரிடம் பேசிப் பார்த்த பிறகுதான் தகப்பனார் கையெழுத்திட்டார். சிங்கப்பூர் முகாமின் கடுமை முதலில் ஜானகிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பழகிக்கொண்டார். அதிகாரிப் பயிற்சி பெற்று, படையின் இரண்டாவது தலைவி என்ற நிலைக்கு உயர்ந்தார். மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த எத்தனையோ தமிழ்ப் பெண்கள் அந்தப் படையில் இருந்தார்கள். 1945-இல் ரங்கூனை விட்டுப் பின்வாங்க நேர்ந்தபோது, விமானத் தாக்குதலுக்கு அஞ்சி இரவு இரவாக நடந்த பெண்கள் அணிக்கு ஜானகிதான் பொறுப்பு. 2000-இல் நம் அரசாங்கம் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது. 2014-இல் காலமானார்.

இதைக் கேட்டதும் அப்பத்தா, "கறுத்துப் போய்ருவாளே, மாப்பிள்ளை பார்க்கணுமே" என்று கட்சி மாறினார். கறுப்புத்தான் பயம் என்றால் காரியம் முடிந்த மாதிரி. அப்பச்சி கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஆனால் ஒரு பயம் நியாயமானது. அதைப் பரிகாசம் செய்ய எனக்கு மனமில்லை. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்ற பெயரால் நடந்த அக்கிரமத்தைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். அங்கே நடந்தது போலி முகாம். அந்தப் பள்ளியில் என்.சி.சி.யே கிடையாது. ஆகையால் நம்பிக்கை மட்டும் போதாது, விசாரணையும் வேண்டும். உண்மையான முகாமை நடத்துவது ராணுவ அதிகாரி தலைமையில் உள்ள பட்டாலியன். தனி ஆசாமி அல்ல. கல்லூரியிலோ பள்ளியிலோ என்.சி.சி.க்குப் பொறுப்பான ஆசிரியர் மூலமாகவே கடிதம் வரும். முகாம் எங்கே, எத்தனை நாள், பெண்களுடன் தங்கப்போகிற பெண் அதிகாரி யார் என்று கேளுங்கள். தயங்காமல் பட்டாலியன் ஆபீசுக்கே டெலிபோன் செய்யுங்கள். காரைக்குடிக்காரர்களுக்கு அது உள்ளூரிலேயே இருக்கிறது. கேட்டால் மகள் முகம் சுளிப்பாள், சுளிக்கட்டும். பெரிய தொகை கட்டணமாகக் கேட்டால் உடனே சந்தேகப்படுங்கள்.

'சி' சர்டிபிகேட்டால் என்ன லாபம் என்று கணக்குப் பார்க்கிறவர்களுக்கு: தமிழ்நாட்டுப் போலீஸ் தேர்வில் என்.சி.சி.க்குச் சிறப்பு மதிப்பெண் உண்டு. ராணுவத்தில் அதிகாரியாகச் சேர 'சி'யில் குறைந்தது 'பி' கிரேடும், பட்டப் படிப்பில் நூற்றுக்கு 50-உம் வாங்கியவர்களுக்குத் தனி வழி இருக்கிறது. எழுத்துப் பரீட்சை கிடையாது. நேரே தேர்வுக் குழு, அங்கே ஐந்து நாள் சோதனை. பெண்களுக்கு ஒதுக்கும் இடங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவைதான். ஆகவே, "சேர்ந்தாயிற்று, இனி லெப்டினெண்ட்தான்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைக்காதீர்கள். 1992 முதல் பெண்களுக்கும் பயிற்சி கொடுக்கும் அதிகாரிகள் கலாசாலை சென்னைப் பரங்கிமலையிலேயே இருப்பது நமக்கு ஒரு சௌகரியம்.

பெட்டி கட்டும்போது தேங்காய் எண்ணெய், கொண்டை ஊசி, கனத்த காலுறை நான்கு ஜோடி, மாதாந்தரத் தேவைக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். நகை வேண்டாம். முறுக்கு டின்னைப் பார்த்து, "இதெல்லாம் எதுக்கம்மா?" என்பாள். வாதாடாமல் உள்ளே வையுங்கள். அளவு மட்டும் கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும். பட்டை வாங்கிய பெண், தன் பிரிவு முழுவதற்கும் பங்கு வைத்த பிறகுதான் வாயில் போட்டுக்கொள்வாள்.