காதுக்குப் பத்தே மார்க்!

உங்கள் பிள்ளை பியானோ அல்லது கீபோர்டு கிளாஸுக்குப் போகிறதா? சந்தோஷம். இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஒரு சின்ன பரீட்சை வையுங்கள். நோட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, 'உனக்குப் பிடிச்சது ஏதாவது ஒண்ணு வாசி கண்ணு' என்று கேளுங்கள்.

நாலாவது கிரேடு முடித்த பிள்ளையும் திருதிருவென்று முழிக்கும். சென்னை அடையாறில் மட்டுமல்ல, திண்டிவனத்துக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவில் இருக்கிற செஞ்சியிலும் இதே முழிதான் கிடைக்கும்.

குற்றம் பிள்ளை மேல் இல்லை. வருஷத்துக்கு மூணு பாட்டு, பரீட்சைக்கு மூணு பாட்டு, அவ்வளவுதான் அதற்குச் சங்கீதம். மார்க் கணக்கைப் பாருங்கள். ட்ரினிட்டி காலேஜ் லண்டனின் வழக்கமான பியானோ தேர்வில் மொத்தம் 100. மூன்று பாடல்களுக்கு 66. ஸ்கேல் போன்ற விரல் பயிற்சிக்கு 14. மிச்சம் இரண்டு குட்டித் தேர்வுகளுக்குத் தலா 10. காதால் கேட்டுப் பதில் சொல்வது அந்தக் குட்டிகளில் ஒன்று. ஐந்தாம் கிரேடு வரை அதை ஒதுக்கிவிட்டு வேறு இரண்டை எடுத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. பாஸ் மார்க் 60. அதாவது, காதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போனாலும் பாஸ் பண்ணலாம்!

விவரமான வாத்தியார்கள் இதற்கு ஒரே மருந்துதான் சொல்கிறார்கள்: தினம் இருபது நிமிஷம் கேட்கச் சொல்லுங்கள். அடுத்த மாசம் வாசிக்கப் போகிற பாட்டை இந்த மாசமே கேட்கட்டும். ஒரே பாட்டை இரண்டு பேர் வாசித்துக் கேட்கட்டும். விரல் வைக்கும் முன் வாயால் பாடிப் பார்க்கட்டும். ஜப்பானில் ஷினிச்சி சுசுகி வயலின் கற்றுக்கொடுத்த முறைக்கு அஸ்திவாரமே இதுதான். குழந்தை தாய்மொழியைக் கேட்டுத்தானே பேசுகிறது, இலக்கணம் படித்தா பேசுகிறது?

இதைச் சொன்னால் அப்பாக்களுக்குக் கோபம் வருகிறது. 'ஃபீஸ் கட்டுறது வாசிக்கக் கத்துக்க சார். பாட்டுக் கேக்குறதுக்கு ரேடியோ போதாதா?' சர்டிபிகேட் எப்போது என்பதுதான் அடுத்த கேள்வி.

சர்டிபிகேட் தப்பில்லை. எது முதலில் என்பதில்தான் சண்டை. பண்ணைப்புரத்து இளையராஜா, அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராக மேடையேறி ஆர்மோனியம் வாசித்தவர். 1968-ல் சென்னைக்கு வந்த பிறகுதான் மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை முறையாகப் படித்தார். ட்ரினிட்டி தேர்வும் எழுதினார். முதலில் காது, அப்புறம் நோட்டேஷன், கடைசியில் சர்டிபிகேட். அந்த வரிசைதான் 2025 மார்ச்சில் லண்டனில் சிம்பொனியாக ஒலித்தது. நாம் வரிசையைத் தலைகீழாக்கிவிட்டு, பிள்ளைக்கு 'இசை வரலை' என்கிறோம். செஞ்சிக் கோட்டைக்கு யுனெஸ்கோ சர்டிபிகேட் வந்ததும் 2025-ல்தான். அதற்கு முன்னால் ராஜகிரி மலை என்ன, உட்கார்ந்தா இருந்தது?

'எங்க ஊர்ல பியானோ கச்சேரி ஏது?' என்பீர்கள். செல்போனில் இருக்கிறது, காசில்லாமல். பாக் தன் மனைவிக்காக 1725-ல் தொடங்கிய அன்னா மக்தலேனா நோட்டுப் புத்தகத்தில் ஆரம்பியுங்கள். எல்லாப் பிள்ளையும் வாசிக்கிற ஜி மேஜர் மினுவெட் அதில்தான் இருக்கிறது. அதை எழுதியது பாக் அல்ல, கிறிஸ்டியன் பெட்ஸோல்ட் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். பிறகு ஷூமன் 1848-ல் குழந்தைகளுக்காக எழுதிய ஆல்பம். பிறகு பேலா பார்டோக்கின் மிக்ரோகாஸ்மாஸ்: 153 துண்டுகள், சுலபத்திலிருந்து கஷ்டத்துக்கு. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' கேட்டால் தியாகராஜரும் பாக்கும் ஒரே திண்ணையில் உட்கார்வது பிள்ளைக்கே புரியும்.

செஞ்சிக்காரர்களுக்கு இன்னொரு பாக்கியமும் உண்டு. பக்கத்திலேயே மேலச்சேரி. அங்கிருக்கும் திரௌபதி அம்மன் வழிபாட்டைத் தேடி அமெரிக்காவிலிருந்து வந்த ஆல்ஃப் ஹில்டபைட்டல், 1988-ல் வெளியிட்ட புத்தகத்தின் தலைப்பிலேயே செஞ்சியைச் சேர்த்தார். அந்த வட்டாரத்துக் கூத்தில் ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை எல்லாம் விடிய விடிய ஒலிக்கும். கூத்துக்காரர் வீட்டுப் பிள்ளை நோட்டேஷன் இல்லாமலே தாளம் தப்பாது. ராத்திரி ராத்திரியாகக் கேட்ட காது அது. நம் பிள்ளையோ கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டி, பெட்டியைத் தாளம் போடச் சொல்கிறது.

பத்தாம் வகுப்பு வந்ததும் கிளாஸ் நிற்கும். கீபோர்டு பரணுக்குப் போகும். சர்டிபிகேட் ஃபைலுக்குள் போகும். அதற்குப் பிறகும் பிள்ளையிடம் தங்கப்போவது கேட்டுப் பழகிய காது மட்டும்தான். அதையும் கொடுக்காமல் அனுப்பினால், இத்தனை வருஷம் கட்டிய ஃபீஸ் எதற்கு?

அடுத்த தடவை வாத்தியாரைப் பார்க்கும்போது 'எப்ப சார் எக்ஸாம்?' என்று கேட்காதீர்கள். 'இந்த வாரம் என்ன கேக்கணும் சார்?' என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லத் தடுமாறினால், வேறு வாத்தியாரைப் பாருங்கள்.