அன்றைக்கு லயோலா, இன்றைக்கு பிரின்ஸ்டனா?

சந்திரகிரியிலிருந்து அக்கா போன். "பாப்பாவை அந்தப் பாலஸ்தீனக் கூட்டத்துப் பக்கம் விடாதேடா. படிக்கப் போன இடத்துல நமக்கெதுக்கு?" இங்கே அமெரிக்காவில் நம்ம ஆட்கள் கூடினாலும் இதே பேச்சுதான்.

கொஞ்சம் பொறுங்கள் சாமி. 2013 மார்ச்சில் சென்னை லயோலா கல்லூரி மாணவர்கள் எட்டு பேர் ஈழத்துக்காக உண்ணாவிரதம் இருந்தார்கள். போராட்டம் தமிழ்நாடு முழுக்கப் பரவி, கல்லூரிகளுக்கு விடுமுறை விடும் நிலை வந்தது. "படிக்கிற பசங்களுக்கு எதுக்கு" என்று அப்போது கேட்டோமா? கைதட்டினோம்.

2024 ஏப்ரல் 25 அன்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் காசாவுக்காகக் கூடாரம் போட்டுக் கைதான இருவரில் ஒருவர் கோவையில் பிறந்த பெண். அவர் மட்டும் ஊர்வம்பை விலைக்கு வாங்கியவரா? 2009-ல் வன்னியில் ஆஸ்பத்திரி மேல் குண்டு விழுந்தால் அநியாயம், காசாவில் விழுந்தால் அரசியலா? ஒரே கணக்குக்கு இரண்டு பேரேடு வைத்தால் பேங்கில் அதற்குப் பெயர் மோசடி.

விசா பயம் எனக்கும் உண்டு. 2025-ல் இங்கே பாலஸ்தீனத்துக்காகக் குரல் கொடுத்த வெளிநாட்டு மாணவர்கள் சிலருக்கு விசாவே போனது. பயமாக இருந்தால் பயம் என்றே பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அவர்கள் செய்வது தப்பு என்று மட்டும் சொல்லாதீர்கள்.