பிரமிடும் அதைக் கட்டிய கைகளும்

எகிப்து என்று சொன்ன அளவிலே நம்முள் பெரும்பாலோரின் அகக்கண்ணில் ஒரே காட்சிதான் எழுகின்றது. சுடுமணல், பாறையை இழுக்கும் ஆயிரமாயிரம் அடிமைகள், அவர்தம் முதுகில் சுழன்று விழும் சாட்டை, தொலைவில் நிழலில் வீற்றிருக்கும் பாரோ மன்னன். மேடைப் பேச்சாளர் இதனையே முழங்குகின்றார். கவிஞர் இதனையே பாடுகின்றார். உழைப்பாளிக்குப் பரிந்து பேசுவதாக அவர்கள் எண்ணுகின்றனர். அவ்வுழைப்பாளிக்கு அவர்கள் இழைப்பது அநீதி என்பதே என் வாதம்.

இக்காட்சி எங்கிருந்து வந்தது? கூஃபு மன்னனின் பெரும் பிரமிடு எழுந்தது ஏறத்தாழ கி.மு. 2560இல். இலட்சம் பேர் மும்மாத முறை வைத்து உழைத்தனர் என்று எழுதிய கிரேக்கர் ஹெரோடோட்டஸ் வாழ்ந்ததோ கி.மு. 5ஆம் நூற்றாண்டில். இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் வந்தவர் செவிவழிக் கேட்டதை எழுதினார். விவிலியத்தைச் சான்று காட்டுவோரும் உளர். அந்நூல் பேசுவது செங்கல் அறுத்துக் களஞ்சிய நகரங்கள் எழுப்பியதைப் பற்றியே அன்றிப் பிரமிடுகளைப் பற்றி அன்று. எஞ்சியதை 1956இல் வெளிவந்த 'டென் கமாண்ட்மெண்ட்ஸ்' போன்ற திரைப்படங்கள் நிரப்பிவிட்டன.

மண்ணைத் தோண்டியவர்கள் கண்டது வேறு. 1990இல் கீசாவில் ஒரு குதிரையின் கால், மணலில் புதைந்திருந்த மண்சுவர் ஒன்றில் இடறியது. அவ்விடத்தை அகழ்ந்தபோது பிரமிடு கட்டியவர்களின் இடுகாடு வெளிப்பட்டது. மன்னனின் பிரமிடுக்கு அருகிலேயே, மறுமைக்கென அப்பமும் பீரும் வைக்கும் கலயங்களோடு அவர்கள் அடக்கம் செய்யப்பட்டிருந்தனர். எலும்புகளில் சுமை தூக்கிய முதுகின் தேய்மானம் தெரிந்தது; அதனோடு, முறிந்த கை மருத்துவரால் நேராக வைத்துக் கட்டப்பட்டு, மீண்டும் கூடியதும் தெரிந்தது. அடிமையை அரசனின் கல்லறைக்கு அருகில் யார் புதைப்பார்? மார்க் லேனர் அகழ்ந்த தொழிலாளர் ஊரிலோ அப்பம் சுட்ட அடுப்புகளும், உண்டு கழித்த மாட்டெலும்பும் ஆட்டெலும்பும் குவியலாகக் கிடைத்தன.

2013இல் செங்கடற்கரையில் பியர் தாலே என்னும் பிரெஞ்சு அறிஞர் கண்டெடுத்த பாப்பிரஸ் ஏடுகள் இன்னும் வியப்பானவை. மேரேர் என்னும் மேற்பார்வையாளன், தூரா மலையின் சுண்ணக்கல்லைப் படகில் ஏற்றிக் கீசாவுக்குக் கொண்டு சேர்த்த நாட்குறிப்பு அது. பிரமிடு கட்டப்பட்ட நாளிலேயே எழுதப்பட்டது. 1968இல் எரிக் வான் டேனிக்கன் நூல் வெளியிட்ட நாள்முதல், வானுலகத்தார் வந்து கட்டிக் கொடுத்தனர் என்று சொல்லித் திரிபவர்கள் அந்தப் படகோட்டியின் முகத்தில் எப்படி விழிப்பார்கள்?

"அப்படியாயின் எகிப்து பொன்னுலகமோ?" என்று கேட்பீர்கள். இல்லை. குடிமக்கள் அரசுக்கு உழைத்துக் கொடுக்க வேண்டும் என்பது கட்டளை, விருப்பம் அன்று. தப்பி ஓடியவர்களைத் தண்டித்த செய்தியும் ஏடுகளில் உண்டு. பிற்காலத்தில் போர்க் கைதிகள் அடிமைகளாக்கப்பட்டதும் உண்மையே. கொடுமையை நான் மறைக்கவில்லை. ஆனால், கட்டாயத்துக்கு உட்பட்டவன் வேறு. விலைக்கு வாங்கப்பட்டவன் வேறு. முன்னவனுக்குக் கேட்கும் உரிமை இருந்தது, அவன் கேட்டான்!

எப்படிக் கேட்டான் என்பதற்கு டெய்ர் எல் மதீனா என்னும் சிற்றூரே சான்று. மன்னர்களின் கல்லறைகளைக் குடைந்த கைவினைஞர்கள் அங்கே வாழ்ந்தனர். அவர்களில் ஒருவனுக்கு மாதக் கூலி நான்கு மூட்டைக் கோதுமையும் ஒன்றரை மூட்டை வாற்கோதுமையும். தேள் கொட்டியதால் ஒருவன் வரவில்லை, பீர் காய்ச்சியதால் ஒருவன் வரவில்லை என்று வருகைப் பதிவு எழுதப்பட்ட ஊர் அது. நவுநக்தே என்னும் அவ்வூர்ப் பெண்மணி, முதுமையில் தன்னைப் பேணாத மக்களை விலக்கித் தன் சொத்தைப் பிரித்து முறிமன்றத்தின் முன் உயில் எழுதியதும் அங்கேதான்.

மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.மு. 1157இல், அவ்வூர்க்குத் தானியம் வரவில்லை. கைவினைஞர்கள் கருவிகளைக் கீழே வைத்தனர். காவற்சுவர்களைக் கடந்து சென்று கோயிலின் பின்புறம் அமர்ந்தனர். பசியும் தாகமுமே தங்களை அங்கு கொணர்ந்தன என்றும், உடையில்லை, எண்ணெயில்லை, மீனில்லை, காயில்லை என்றும், அதனை மன்னனுக்கு எழுதுக என்றும் முறையிட்டனர். தானியம் வந்தது. மீண்டும் தாமதமாயிற்று, மீண்டும் அமர்ந்தனர். எழுத்தில் பதிவானவற்றுள் நாம் அறிந்த முதல் வேலைநிறுத்தம் இதுவே. அந்த ஏடு இன்றும் தூரின் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது.

கடவுளின் திருமேனியாக எண்ணப்பட்ட மன்னனிடம் இப்படிக் கேட்கும் துணிவு எங்கிருந்து வந்தது? அவர்தம் நம்பிக்கையும் அதற்கு இடம் தந்தது என்பேன். 'மாஅத்' என்பது உண்மை, நீதி, ஒழுங்கு மூன்றையும் குறிக்கும் சொல். இறந்தவனின் இதயம் அந்த மாஅத்தின் இறகுக்கு எதிரே தராசில் நிறுக்கப்படும் என்று நம்பினர். எவரையும் பசியால் வாட்டவில்லை, எவரையும் அழவைக்கவில்லை, அளவையில் பொய் செய்யவில்லை என்று அவன் அங்கே உறுதி கூற வேண்டும். மாஅத்தைக் காப்பதே மன்னனின் தலையாய கடமை. தொழிலாளியின் கலயம் வெறுமையானால் மாஅத் குலைந்தது என்பதே பொருள்.

ஆகவே, எழுத்தாள நண்பர்களே! அடுத்த முறை பிரமிடைப் பாட எடுக்கும்போது சாட்டையைக் கீழே வையுங்கள். வெறும் சாட்டையடி வாங்கியவனாக மட்டும் உழைப்பாளியைக் காட்டினால், அவனுடைய திறனையும், பெயரையும், எதிர்த்துக் கேட்ட குரலையும் நாம் பறித்தவர்களாவோம். வானுலகத்தார் கட்டினர் என்பவனும் அடிமைகள் கட்டினர் என்பவனும் செய்வது ஒன்றே, கட்டியவனை மறைப்பது. கல்லை ஏற்றிய மேரேர் தன் கணக்கைத் தானே எழுதி வைத்தான். பசித்தவர்கள் சொன்னதை எழுத்தன் ஏட்டில் பதித்தான். அதனைப் படிக்க மறுப்பது நம் குற்றமேயன்றி அவர்களுடைய குற்றம் அன்று.