மலையும் பெண்களும் ‘பண்பாடு’ என்னும் சொல்லும்

பெண்களுக்கு மட்டுமான மலைப்பாதை ஓட்டங்களும் அவற்றோடு இணைந்த பண்பாட்டு முகாம்களும் இன்று பரவலாகி வருகின்றன. ‘ஆண்களை விலக்குவதும் பாகுபாடுதானே?’ என்று ஆய்வு நண்பர்கள் சிலர் வினவுகின்றனர். இவ்வினாவை அகத்தியர்கூடத்தின் வரலாற்றோடு சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

தமிழுக்கு இலக்கணம் வகுத்தவர் எனத் தொன்மங்கள் போற்றும் அகத்தியரின் பெயர் தாங்கிய அச்சிகரம் 1,868 மீட்டர் உயரமுடையது. கேரள வனத்துறையின் அனுமதியோடு ஆண்டுதோறும் ஆண்கள் அதன்மீது ஏறினர். பெண்களுக்கு உச்சி மறுக்கப்பட்டிருந்தது. பாதை கடினமானது என்பது ஒரு காரணம். அகத்தியர் சிலையருகே பெண்கள் செல்லலாகாது என்னும் காணி மக்களின் நம்பிக்கை மற்றொன்று. பாலின அடிப்படையில் தடை விதிக்கலாகாது எனக் கேரள உயர்நீதிமன்றம் 2018 நவம்பரில் தீர்ப்பளித்தது. 2019 ஜனவரியில் தன்யா சனல் உச்சியை அடைந்தார்.

கடினம் என்னும் காரணம் புதியதன்று. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடியபின், அவர்தம் உடல் தாங்காது என்று கூறி அப்போட்டி நீக்கப்பட்டது, 1960இல்தான் மீண்டது. பெண்கள் மராத்தான் 1984 வரை காத்திருந்தது.

பண்பாடு என்னும் காரணமோ நம் மரபின் ஒரு பகுதியை மறைத்துவிடுகிறது. பொருள்தேடிக் கடல் கடப்பவன் பெண்ணை உடன்கொண்டு செல்லும் வழக்கமில்லை என்கிறது தொல்காப்பியம். மலைக்கு அத்தகைய விலக்கு அதில் இல்லை. குறிஞ்சித் திணையின் தலைவி மலைச்சாரலில் நின்று, தட்டையும் குளிரும் ஒலித்துக் கிளிகளை ஓட்டித் தினைப்புனம் காப்பவள். மலை அவளுக்கு அன்றாடப் பணியிடம்.

ஆகவே இரு விலக்குகளையும் ஒரே தராசில் நிறுத்த இயலாது. ஒன்று, மலையையே ஒரு பாலினத்துக்கு மூடியது. மற்றொன்று, சில நாள்கள் அச்சமின்றியும் எவர் வேகத்தோடும் ஒப்பிடப்படாமலும் பெண்கள் மலையைப் பழகிக்கொள்ளும் ஏற்பாடு. அதனால் எந்த ஆணுக்கும் மலை மூடப்படுவதில்லை.

ஆயினும் இத்தகைய முகாம்களிடம் நாம் கேட்க வேண்டிய கடுமையான கேள்வி ஒன்று உண்டு: மலைவாழ் பெண்களுக்கு அங்கே என்ன இடம்? நகரத்துப் பெண்கள் ஓட, உள்ளூர்ப் பெண்கள் மாலையில் ஆடிக் காட்டிச் சமைத்துப் பரிமாறுவதுதான் பண்பாடு எனில், ஒரு படிநிலை போய் இன்னொன்று வந்ததாகவே பொருள். ஆரோக்கியப் பச்சை என்னும் மூலிகையை அறிவியலாளருக்கு அறிமுகப்படுத்தியவர்கள் காணி மக்களே. அவர்களின் நம்பிக்கையோடு முரண்பட நமக்கு உரிமை உண்டு. அவர்களின் அறிவைப் பொருட்படுத்தாமல் அம்மலையில் கால்வைக்க உரிமை இல்லை. வழிகாட்டுவோரும் ஓடுவோரும் முடிவெடுப்போரும் ஆகிய மூவரிலும் மலைப் பெண்கள் இருத்தல் வேண்டும்.

எங்கள் பூதிகோட்டையை ஹைதர் அலி பிறந்த ஊர் என்று வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. கோலார்ப் பாறைக் குன்றுகளில் விறகும் புல்லும் சுமந்து ஒற்றையடிப் பாதைகளை உருவாக்கிய பெண்களுள் ஒருவரையும் அது நினைவில் வைக்கவில்லை. அப்பாதைகளில் நாளை ஓட்டம் நடக்குமெனில், அவர்தம் பேத்திகள் தொடக்கக் கோட்டில் நிற்க வேண்டும்.

இது விளையாட்டோடு முடியும் செய்தியும் அன்று. மலையூருக்குக் கள ஆய்வு செல்ல விண்ணப்பிக்கும்போது ‘துணைக்கு யார் வருகிறார்?’ என்ற கேள்வி மாணவியரிடம் மட்டுமே கேட்கப்படுவதை நாம் அறிவோம். பாதுகாப்பு என்ற பெயரில் எத்தனையோ ஆய்வுத் தலைப்புகள் நூலகத்துக்குள் திருப்பி அனுப்பப்படுகின்றன. அகத்தியரின் இலக்கணத்தைப் பெண்கள் கற்கலாம், அவர் மலையை மட்டும் மிதிக்கலாகாது என்ற நிலை நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்துவிட்டது. நம் துறைகளில் அது முடிவுக்கு வருவது நெறியாளர்களின் கையெழுத்தில் இருக்கிறது.