ஐ.வி.எஃப் கணக்கும் ஆறு பேர் சம்பளமும்

2025 ஏப்ரல் 1. முட்டாள்கள் தினம்தான், ஆனால் நடந்தது விளையாட்டு இல்லை. அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி.யில் நடந்த ஆட்குறைப்பில் ஒரு சின்னப் பிரிவு மொத்தமாகக் காலி. ஆறே ஆறு பேர். நாடு முழுக்க உள்ள டெஸ்ட் டியூப் பேபி மையங்களின் கணக்கை வாங்கி, சரிபார்த்து, ஊரறிய வெளியிடுவதுதான் அவர்கள் வேலை. எந்த மையத்தில் எத்தனை சிகிச்சை, எந்த வயதுப் பெண்களுக்கு, அதில் எத்தனை பேர் குழந்தையோடு வீட்டுக்குப் போனார்கள் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் இருக்கும்.

இதில் கூத்து என்னவென்றால், சரியாக ஆறு வாரம் முன்பு, பிப்ரவரி 18-ல்தான் ஐ.வி.எஃப் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்று அதிபர் டிரம்ப் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். 2024 தேர்தல் பிரசாரத்தில் தன்னை 'ஐ.வி.எஃப்பின் தந்தை' என்று சொல்லிக்கொண்டவரும் இவரே. அப்பா என்று பெயரையும் வாங்கிக்கொண்டு, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் கிழித்துப்போட்ட கதை!

சரி, அமெரிக்காவில் ஆறு பேருக்கு வேலை போனால் வலையபட்டிக்கு என்ன வந்தது?

வந்திருக்கிறது. கல்யாணமாகி ஏழெட்டு வருடம் குழந்தை இல்லாத தம்பதி வலையபட்டியிலிருந்து மதுரைக்கோ திருச்சிக்கோ பஸ் ஏறுகிறார்கள் என்று வையுங்கள். ஒரு முறை முயற்சி செய்யவே ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம். நகை அடகுக்குப் போகும். எந்த மையத்துக்குப் போவது என்று எதை வைத்து முடிவு செய்வார்கள்? வழியில் பார்த்த விளம்பரப் பலகையை வைத்து. வட்டிக்கடைப் பேரேட்டில் ஒரு பைசா பிசகாமல் எழுதிய சீமை இது. கல்யாண மொய்க்குக்கூட நோட்டுப் போடுகிற ஊரில், வாழ்க்கையிலேயே பெரிய செலவுக்கு மட்டும் கணக்குக் கேட்க வழியில்லை!

'80% வெற்றி' என்று பலகையில் இருந்தால், எதில் வெற்றி என்று கேளுங்கள். கர்ப்பப் பரிசோதனை பாசிட்டிவ் என்றாலே வெற்றியா, குழந்தை உயிரோடு பிறந்தால்தான் வெற்றியா? சிகிச்சை தொடங்கிய எல்லோரையும் வைத்துக் கணக்கா, கரு உள்ளே வைக்கும் கட்டம்வரை வந்தவர்களை மட்டும் வைத்தா? 30 வயதுப் பெண்ணையும் 42 வயதுப் பெண்ணையும் ஒரே சராசரியில் போட்டால் அது கணக்கே இல்லை. இரண்டு மூன்று கருக்களை ஒன்றாக வைத்தால் சதவீதம் ஏறும். கூடவே இரட்டைப் பிள்ளை, குறைமாதப் பிரசவம், தாயின் உயிருக்கு ஆபத்து என்று எல்லாம் ஏறும். அது பலகையில் வராது.

இந்தத் தில்லுமுல்லுகளுக்குக் கடிவாளமாகத்தான் அமெரிக்காவில் 1992-லேயே சட்டம் வந்தது. ஆண்டுக்கு 4 லட்சத்துக்கும் மேற்பட்ட சிகிச்சைகளின் விவரம் அந்த ஆறு பேர் மேஜைக்கு வந்தது. 'டாக்டர்களின் சங்கமே விவரம் திரட்டுகிறதே, அரசு எதற்கு?' என்கிறார்கள். சங்கத்தில் சேராத மையத்தை யார் கேட்பது? தேர்வு எழுதுகிற பையன்களே பேப்பரையும் திருத்திக்கொள்ளலாம் என்றால் எல்லோரும் சென்டம்தான்!

கணக்குப் பார்க்க ஆள் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஈரோடு சாட்சி. 16 வயதுச் சிறுமியின் ஆதாரில் வயதை மாற்றி, அவள் கருமுட்டையைப் பலமுறை விற்றது 2022-ல் வெளியே வந்தது. அந்தக் கொடுமை நடந்த ஆண்டுகளில் பெரும்பாலும் இங்கே இருந்தது 2005-ல் ஐ.சி.எம்.ஆர் தந்த வழிகாட்டி நெறிகள் மட்டுமே. மீறினால் தண்டிக்கச் சட்டம் இல்லை. 2021-ல் நிறைவேறி 2022 ஜனவரியில் அமலுக்கு வந்த சட்டம்தான், கருமுட்டை தருபவருக்கு 23 முதல் 35 வயது இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரு முறைதான் தரலாம் என்று கட்டாயமாக்கியது. ஒரு முறைதான் தந்தாரா என்று எப்படித் தெரியும்? எல்லா மையங்களின் பதிவும் ஒரே இடத்தில் சேர்ந்து, அதை ஒருவர் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தால்தானே!

அதே சட்டம் தேசியப் பதிவேடு ஒன்றையும் வைத்தது. மையங்கள் சிகிச்சையின் முடிவுவரை அதற்குத் தர வேண்டும். நல்லது. ஆனால் அந்த முடிவுகளை மையவாரியாக நோயாளிக்குக் காட்டியே ஆக வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் சொன்னதுபோல் இது சொல்லவில்லை. கணக்கு அரசுக்கு, செலவு மட்டும் ஜனங்களுக்கா?

கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு மையமும் தொடங்கிய சிகிச்சை எத்தனை, உயிரோடு பிறந்த குழந்தை எத்தனை என்று வயதுவாரியாக, தமிழில், வருடா வருடம் வெளியிட வேண்டும். அதைச் சரிபார்க்க அரசு ஆள் போட வேண்டும். அமெரிக்கா பதிவேட்டைக் கட்டிய விதத்தைக் காப்பியடிக்கலாம், தப்பில்லை. அதன் ஆட்களை வெட்டிய விதத்தைக் காப்பியடித்துவிடக் கூடாது. சிக்கனம் பிடிக்க எத்தனையோ இடம் இருக்கிறது. பிள்ளைக்காக ஏங்குகிறவர்களின் கணக்குப் புத்தகத்தில் கை வைப்பது சிக்கனம் இல்லை. ஏமாற்றுகிறவனுக்கு அரசே கதவைத் திறந்துவிடுவது.