ஆறில் ஒன்று பதினெட்டு ஆகாது

எங்கள் காலனியில் எனக்குச் சின்னம்மா முறையாகும் ஒருவர், ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவில் உறுப்பினர். இது எனக்குத் தெரிந்தது சென்ற ஆண்டு, ஊராட்சி அலுவலகத்தில் வேறு ஒரு வேலைக்காகப் போய், மேசை மேல் கிடந்த மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைப் புரட்டியபோது. அவருக்குத் தெரிந்தது அன்று மாலை, நான் போய்ச் சொன்னபோது.

"என்னா கமிட்டிப்பா? நூறு நாள் வேலைக்குன்னு நெனச்சுல்ல கையெழுத்துப் போட்டேன்" என்றார்.

சிரித்துவிட்டேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் கோபம் வந்தது.

உயிரியல் பன்மயச் சட்டம் 2002இல் வந்தது. ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஊர் மக்களைக் கொண்ட ஒரு குழு இருக்க வேண்டும். ஊரின் ஏரி, காடு, செடி, கொடி, மீன், பறவை, அவற்றைப் பற்றி மக்களுக்கு இருக்கும் அறிவு எல்லாவற்றையும் அந்தக் குழு பதிவேட்டில் எழுத வேண்டும் என்றது. வெளியிலிருந்து வணிகத்துக்காக மூலிகையோ வேறு வளமோ எடுப்பவர்களிடம் கட்டணம் வாங்கவும் குழுவுக்கு அதிகாரம் உண்டு. ஊரின் வளத்துக்கு ஊரே காவல். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

பல ஆண்டுகள் இது பெரும்பாலும் ஏட்டில்தான் கிடந்தது. 2019 ஆகஸ்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்தது. 2020 ஜனவரி 31க்குள் எல்லா உள்ளாட்சிகளிலும் குழுவும் பதிவேடும் தயாராக வேண்டும். தவறினால் மாநிலம் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். அவ்வளவுதான், நாடெங்கும் குழுக்கள் முளைத்தன. இன்று இரண்டரை லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. அதில் ஒன்றில்தான் சின்னம்மாவின் கையெழுத்து இருக்கிறது.

இப்போது ஒரு பள்ளிக்கூடக் கணக்கு. 2004ஆம் ஆண்டு விதிகளின்படி குழுவில் ஒரு தலைவரும், உள்ளாட்சி நியமிக்கும் அதிகபட்சம் ஆறு பேரும் இருக்கலாம் என்று இருந்தது. அந்த ஆறில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள். 18 விழுக்காட்டுக்குக் குறையாமல் பட்டியல் சாதியினர், பழங்குடியினர். ஆறில் ஒருவர் என்றால் 16.66 விழுக்காடு. ஆறு பேர் கொண்ட குழுவில் 18 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்றால் இரண்டு பேர் வேண்டும். எங்கள் ஊர்ப் பதிவேட்டில் ஆறு பேர் இருக்கிறார்கள், காலனியிலிருந்து ஒருவர்தான். அந்த ஒருவரும் பெண். ஒரே ஆளில் இரண்டு ஒதுக்கீட்டையும் முடித்துவிட்டார்கள். மற்ற பெயர்களெல்லாம் ஊர்த்தெருவின் பெயர்கள். ஏரியின் மீன் குத்தகை யார் கையில் இருக்கிறதோ, ஏரிக் கரையை ஒட்டி யார் நிலம் இருக்கிறதோ, அந்தக் குடும்பங்களின் பெயர்கள்.

பதிவேட்டின் உள்ளே போனால் நிலைமை இன்னும் மோசம். வேம்பு, புளி, மா, பசு, எருமை, ஆடு. எந்த ஊருக்கும் பொருந்தும் ஒரு பட்டியல். சின்னம்மாவைக் கேட்டால் வேறு பட்டியல் வரும். மழை விட்டதும் வரப்போரம் எந்த நத்தை ஊரும், அதை எந்த வீட்டில் மூல நோய்க்குச் சமைப்பார்கள். எந்த வயலில் நண்டு வளை இருக்கும். அறுப்பு முடிந்தபின் எலி வளையில் எவ்வளவு நெல் கிடைக்கும். ஈசல் கிளம்பும் நாளை எப்படிக் கண்டுகொள்வது. குமுட்டிக் கீரை எங்கே முளைக்கும். பூச்சி மருந்து வந்தபின் இவற்றில் எவை காணாமல் போயின. இதில் ஒரு வரி பதிவேட்டில் இல்லை. நத்தையும் எலியும் ஈசலும் பல்லுயிர் இல்லையா? அவை சேரியின் சோறு என்பதால் எழுதுகிறவர் கண்ணில் படவில்லை. பறைக்கு எந்த மரத்தில் கட்டை போடுவது, தோல் பதனிட ஆவாரம் பட்டையை எப்படிப் பயன்படுத்துவது என்பதெல்லாம் 'பாரம்பரிய அறிவு' என்ற பத்திக்குள் வரவில்லை. அந்தப் பத்தியில் ஒரு நாட்டு வைத்தியரின் பெயர் மட்டும் இருக்கிறது.

சுற்றுச்சூழல் பேசும் தோழர்கள் சிலர் 'நம் முன்னோர் ஊர்கூடி ஏரியைக் காத்தார்கள்' என்று உருகுவதைக் கேட்டிருக்கிறேன். காத்தது உண்மை. யார் எந்த வேலையைச் செய்தார்கள் என்று கேளுங்கள். தமிழ்நாட்டின் பல பகுதிகளில் மடை திறந்து வயலுக்கு வயல் நீர் பாய்ச்சிய நீர்க்கட்டிகள் தலித் குடும்பங்கள். வெள்ளம் வரும் இரவில் கரையில் காவல் கிடந்தவர்கள் அவர்கள். முதல் மடைக்கு அருகே நிலம் இருந்தது வேறு ஆட்களுக்கு. அந்த ஏரியிலேயே குடிதண்ணீர் மொள்ள உரிமை இல்லாமல் இருந்தது மடை திறந்தவர்களுக்கு. 1927இல் மகாடில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு சவுதார் குளத்துக்குப் போய் நீர் அருந்தினார். இந்தியாவில் நீர்நிலையைப் 'பொது'வாக்க நடந்த பெரும் போராட்டங்களில் ஒன்று அது. சூழலியல் வரலாறு என்று நாம் படிக்கும் புத்தகங்களில் அது எத்தனை பக்கம் வருகிறது?

அரசியல் நிர்ணய சபையில் 1948இல் அம்பேத்கர் கிராமத்தை அலகாக ஏற்க மறுத்து, தனிமனிதரை அலகாகக் கொண்டதை வரவேற்றுப் பேசினார். 'உள்ளூர் சமூகம்' என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த உரை நினைவுக்கு வருகிறது. ஊர் ஒன்றாக இல்லாத இடத்தில் ஊரின் குழு என்பது ஆதிக்க சாதியின் குழுவாகத்தான் முடியும். அந்தக் குழு 'ஏரியைப் பாதுகாப்போம்' என்று முடிவெடுத்தால் முதலில் எதைத் தடுக்கும்? ஆடு மேய்ப்பதை, சுள்ளி பொறுக்குவதை, கோரை அறுப்பதை. நிலமில்லாதவரின் அடுப்பில்தான் முதல் கை வைக்கும். மீன் குத்தகையும் கரை ஆக்கிரமிப்பும் கடைசி வரை பேசப்படாது.

அதற்காக இந்தக் குழுக்களே வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தத் தவறை நாம் செய்யக் கூடாது. மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி 2022இல் இதே சட்டத்தின் கீழ் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் அதன் ஒரு பகுதியையும் சேர்த்து ஏறத்தாழ 5,000 ஏக்கரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் முடிந்ததாக அறிவிப்பு வந்தபோது, கிராமசபைகள் தீர்மானம் போட்டன, மக்கள் வீதிக்கு வந்தார்கள், 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தைக் கைவிட்டது. வென்றது மக்களின் போராட்டம்தான். ஆனால் அவர்கள் கையில் ஓர் அரசாணையும் இருந்தது. காகிதத்துக்கு வலு உண்டு. அதனால்தான் அந்தக் காகிதத்தில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்று சண்டை போட வேண்டியிருக்கிறது.

இதைப் படிக்கும் தோழர்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. உங்கள் ஊராட்சியின் பதிவேட்டையும் குழு உறுப்பினர் பட்டியலையும் கேளுங்கள். கொடுக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். பட்டியல் கைக்கு வந்ததும் காலனிக்கு எடுத்துப்போய் வாசித்துக் காட்டுங்கள். தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராமசபைகள். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளிலும் ஒன்று கூடுகிறது. அங்கே எழுந்து நின்று கணக்குக் கேளுங்கள். 2023 திருத்தத்துக்குப் பின் குழுவின் அமைப்பை வகுக்கும் பொறுப்பு மாநில அரசிடம் இருக்கிறது. ஊரின் மக்கள்தொகை விகிதத்தில், எப்படியும் இருவருக்குக் குறையாமல், காலனி மக்களே கூடித் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர்கள் வேண்டும் என்று அரசிடம் கேட்க வேண்டும். மேய்ச்சலையோ விறகையோ தடுக்கும் தீர்மானம் எதுவும் நிலமற்றவர்களின் ஒப்புதல் இல்லாமல் செல்லாது என்று விதியில் எழுத வேண்டும்.

சின்னம்மா அடுத்த கிராமசபைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அன்று போட்ட கையெழுத்து எதற்கென்று தெரிந்த பிறகு, அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அப்ப அந்த மீன் குத்தகையைப் பத்தியும் நான் கேக்கலாமா?"

கேட்கலாம் சின்னம்மா. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.