அறுவடைப் பணமும் அவசரக் கையும்

பங்காருபாளையம் என்ற பெயரிலேயே தங்கம் இருக்கிறது. தெலுங்கில் பங்காரு என்றால் பொன். சித்தூரிலிருந்து பலமநேர் போகும் வழியில் உள்ள இந்த ஊருக்கு ஜூன், ஜூலையில் மாம்பழம்தான் பொன். கூழ் ஆலைகளுக்கான கிளிமூக்கு மாம்பழம் லாரி லாரியாக மண்டிக்கு வருகிறது. ஆண்டு முழுவதற்குமான வருமானம் சில வாரங்களில் கைக்கு வந்துவிடும். 2025-ல் போல விலை சரிந்தால் அதுவும் சுருங்கிவிடும்.

அந்தப் பணத்தை அடுத்த ஜூன் வரை காப்பாற்றுவது யாருக்குமே சுலபமல்ல. ஏ.டி.ஹெச்.டி. எனப்படும் கவனக்குறைவு, மிகைச்செயல் கோளாறு உள்ளவருக்கு அது இரட்டைச் சுமை. உரக்கடையின் பாக்கியை அடைக்கப் புறப்பட்ட தோப்புக்காரர் ஒருவர், புது பைக்குடன் வீடு திரும்புவதாக வைத்துக்கொள்வோம். ஊர் அவரை ஊதாரி என்கிறது. மறுநாள் அவரே தன்னை நொந்துகொள்கிறார். அடுத்த அறுவடையிலும் அதேதான் நடக்கிறது.

துறுதுறுவென்று ஓடும் பிள்ளைகளின் பிரச்சினையாகவே இது நெடுங்காலம் கருதப்பட்டது. 1902-ல் லண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் விவரித்ததும் குழந்தைகளைத்தான். ஆனால் பலருக்கு இது வளர்ந்த பிறகும் தொடர்கிறது. ஆசைக்கும் செயலுக்கும் நடுவே நின்று யோசிக்கவைக்கும் பிரேக் இவர்களுக்குத் தளர்வாக இருக்கிறது. கண்ணெதிரே உள்ள பொருள் பெரிதாகத் தெரிகிறது. மூன்று மாதம் கழித்துக் கட்டவேண்டிய தவணை மங்கலாகத் தெரிகிறது. இது அறிவுக் குறைவும் அல்ல, ஒழுக்கக் கேடும் அல்ல.

விளைவு கடுமையானது. ஸ்வீடன் நாட்டின் மருத்துவ, கடன் பதிவேடுகளை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2020-ல் ‘சயன்ஸ் அட்வான்சஸ்’ இதழில் வெளியானது. ஏ.டி.ஹெச்.டி. உள்ளவர்கள் இளம் வயதில் மற்றவர்களைப் போலவே கடனைக் கட்டுகிறார்கள். நடுவயதில்தான் தவணை தவறுவது மளமளவென்று ஏறுகிறது. அவர்களில் பண நெருக்கடியில் சிக்கியவர்களுக்குத் தற்கொலை அபாயம் நான்கு மடங்கு. மாத்திரை எடுத்துக்கொண்டவர்களிடமும் பண விஷயத்தில் முன்னேற்றம் தென்படவில்லை. மருந்து வீண் என்பதல்ல இதன் பொருள். கவனத்துக்கு அது உதவுகிறது. பணத்துக்குத் தனி ஏற்பாடு தேவை என்பதே பாடம்.

அந்த ஏற்பாடு எளிமையானது. நிதானமாக இருக்கும் நேரத்தில், அவசரப்படப்போகும் கைக்குத் தடை போட்டுவைக்க வேண்டும். மண்டிப் பணம் வந்த அன்றே கடன் பாக்கியும் பள்ளிக் கட்டணமும் போய்ச்சேரட்டும். மிச்சம் இன்னொரு கணக்கில் இருக்கட்டும், செல்போனில் யு.பி.ஐ.யுடன் இணைத்த கணக்கில் வாரச் செலவுக்கான தொகை மட்டும் இருந்தால் போதும். வங்கி அட்டைக்கு வரம்பு வைக்கவும், இணையத்தில் செல்லாதபடி நிறுத்திவைக்கவும் வாடிக்கையாளருக்கு வசதி தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020-ல் உத்தரவிட்டது. செயலியில் அவசரப்பட்டுக் கடன் வாங்கிவிட்டாலும், குறைந்தது ஒரு நாள் அவகாசம் உண்டு. அதற்குள் அசலையும் அந்த நாளுக்கான வட்டியையும் கட்டி, அபராதமின்றி வெளியே வந்துவிடலாம்.

பெரிய பொருள் என்றால் தாளில் எழுதி மூன்று நாள் காத்திருப்பது நல்லது. பல ஆசைகள் அதற்குள் ஆறிவிடும். ‘இன்னும் இரண்டே மிச்சம்’ என்ற பொய் அவசரத்தையும் சேர்த்து, இணைய வியாபாரத்தின் 13 வகைத் தந்திரங்களை மத்திய அரசு 2023-ல் தடை செய்தது. ஆரோக்கியமான மூளையே ஏமாறும் வலை அது.

வீட்டாருக்கும் பங்குண்டு. பணத்தைப் பிடுங்கி வைப்பது உதவாது. பயந்தவர் அடுத்த கடனை மறைத்துத்தான் வாங்குவார். வாரம் ஒருமுறை, திட்டாமல், கணக்கைச் சேர்ந்து பார்ப்பது பலன் தரும்.

ஓர் எச்சரிக்கை. தூக்கமே தேவைப்படாத உற்சாகத்துடன் திடீரென்று பணத்தை வாரி இறைத்தால் அது ஏ.டி.ஹெச்.டி.யாக இல்லாமல், இருதுருவ மனநோயின் அறிகுறியாக இருக்கலாம். சிகிச்சையே வேறு. எது என்று மனநல மருத்துவர்தான் சொல்ல முடியும். சித்தூர்க்காரர்களுக்கு வேலூர் சி.எம்.சி.யும் பெங்களூர் நிம்ஹான்ஸும் எட்டும் தூரத்தில்தான் உள்ளன. மத்திய அரசின் டெலி மானஸ் தொலைபேசி எண் 14416. கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம்.

ஏற்பாடுகளைச் செய்ய உகந்த நேரம் மா பூக்கும் காலம். காய் பழுத்து, கையில் பணம் வந்தபின் யோசிக்க நேரம் இருக்காது.